கரை உடைத்தவனும் மீன் கடத்தியவனும்: தண்டனையின் ஒரு சிறு வரலாறு

1

அடுத்தவர் மீன்குளத்தின் கரையை வேண்டுமென்றே உடைத்து, அதனால் மீன்கள் வெளியே போய்விட்டாலோ செத்துவிட்டாலோ உடைத்தவனுக்குத் தூக்கு. இது 1723இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய சட்டம். தடை செய்யப்பட்ட அயல்நாட்டு மீனை உரிமம் இல்லாமல் உயிரோடு இறக்குமதி செய்தால், வைத்திருந்தால், நீரில் விட்டால் அபராதம். இது 1980இல் அதே பாராளுமன்றம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமாக இயற்றிய சட்டம். முதல் குற்றத்தில் ஒரு குளத்து மீன் போகும். இரண்டாவது குற்றத்தில் மீனோடு ஒரு கிருமியோ ஒட்டுண்ணியோ சேர்ந்து வந்துவிட்டால் ஓர் ஆற்றின் மீன்வளமே போய்விடக்கூடும். சேதத்தை வைத்துப் பார்த்தால் தண்டனைகள் தலைகீழாக இருக்கின்றன.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, "மீனுக்காகத் தூக்கா? சும்மா கதை விடாதீங்க" என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, இப்ப அபராதம்தான்னா, அவங்க திருந்திட்டாங்கன்னு சொல்ல வர்றீங்களா?" என்று கேட்டார். அந்த இரண்டாவது கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. தண்டனை குறைந்ததை நாகரிகத்தின் வளர்ச்சியாகச் சொல்வது ஒரு கதை. அதிகாரம் தன் உத்தியை மாற்றிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான் என்பது இன்னொரு கதை. நம்முடைய சிறுபத்திரிகைச் சூழலில் இரண்டாவது கதைக்குத்தான் மவுசு அதிகம். நானும் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்தச் சட்டங்களைப் படிக்கத் தொடங்கினேன். மீன் என்பதால் இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். மார்க்ஸ் 1842இல் 'ரைன்லாந்துச் செய்தி'யில் காட்டில் விழுந்து கிடக்கும் சுள்ளியைப் பொறுக்குவது திருட்டா என்று எழுதப் போய்த்தான் சொத்துடைமை பற்றிய கேள்விக்குள் நுழைந்தார். சுள்ளி அளவுக்காவது மீன் பெரியது.

2

1723ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கறுப்புச் சட்டம் என்பார்கள். முகத்தில் கரி பூசிக்கொண்டு, ஆயுதத்தோடு வேட்டைக் காடுகளிலும் பூங்காக்களிலும் நுழைந்தவர்களை ஒடுக்க வந்தது. லண்டனுக்கு மேற்கே விண்ட்ஸர் காட்டிலும் ஹாம்ப்ஷயரில் வால்தம் பகுதியிலும் நடந்த மோதல்கள்தான் பின்னணி. ஈ.பி. தாம்ப்சன் 'விக்ஸ் அண்ட் ஹண்டர்ஸ்' என்ற நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கரி பூசியவர்கள் வெறும் கொள்ளைக் கூட்டமில்லை. காட்டில் மேய்ச்சல், விறகு, புல்கரணை எடுக்கும் பழைய உரிமைகள் பறிபோவதைப் பார்த்துக்கொண்டிருந்த சிறு விவசாயிகளும் கைவினைஞர்களும் அவர்களில் கணிசமாக இருந்தார்கள் என்பது அவர் முடிவு. வால்போல் காலத்தில் புதிதாகப் பணமும் பதவியும் சேர்த்தவர்கள் மான் பூங்கா வைத்தார்கள், குளம் வெட்டினார்கள். மானும் மீனும் அவர்களுடைய அந்தஸ்தின் அடையாளங்களாயின.

சட்டத்தின் கட்டமைப்பு கவனிக்கத்தக்கது. ஆயுதத்தோடு முகத்தை மறைத்து வந்து ஆற்றிலோ குளத்திலோ மீன் திருடினால் மரணம். குளக்கரையை உடைப்பதற்கோ முகமூடியும் தேவையில்லை, ஆயுதமும் தேவையில்லை. உடைத்தால் போதும். மூன்றாண்டுகளுக்கு மட்டும் என்று வந்த சட்டம் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு 1758இல் நிரந்தரமானது. பெரும்பகுதி நீக்கப்பட்டது 1823இல்தான். ஒரு நூற்றாண்டு முழுக்க, மண்கரையும் மனித உயிரும் ஒரே தராசில் இருந்தன. ஏட்டில் இருந்த அளவுக்குத் தூக்குமேடையில் இது நடக்கவில்லை என்று வாதிடுவோர் உண்டு. தூக்கிலிடும் உரிமையை வைத்துக்கொண்டு தூக்கிலிடாமல் விடுவதும் அதிகாரத்தின் ஒரு வடிவம்தான். கருணை காட்டும் வாய்ப்பு பிரபுவுக்குக் கிடைக்கிறது. குடியானவன் நன்றியோடு இருக்க வேண்டியதாகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தண்டனை முறையைப் பற்றி டக்ளஸ் ஹே சொன்னதன் சாரம் இதுதான்.

இதற்கும் முந்தைய அடுக்கு ஒன்று இருக்கிறது. 1215இன் மாக்னா கார்ட்டா தேம்ஸ், மெட்வே ஆறுகளிலும் கடற்கரை தவிர்த்த இங்கிலாந்து முழுவதிலும் மீன் அணைப்புகளை அகற்றச் சொல்கிறது. ஆறு எல்லோரும் போய்வரும் பாதை, அதை அடைக்கக் கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அறுபதே ஆண்டுகளில், 1275இன் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம், பூங்காவிலும் மீன்குளத்திலும் அத்துமீறுபவனுக்கு மூன்றாண்டுச் சிறை என்கிறது. ஓடும் நீர் ஒரு பக்கம், அடைத்த நீர் மறுபக்கம். மீன் பற்றிய ஆங்கிலச் சட்ட வரலாறு முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவிலேயே அலைகிறது.

சட்டக் கோட்பாட்டின் சிக்கலும் இங்கேதான் பிறக்கிறது. ஆற்று மீன் காட்டுயிர். பிடிபடும்வரை அது யாருக்கும் சொந்தமில்லை. சொந்தமில்லாததை எப்படித் திருட முடியும்? தொட்டியிலோ சின்னக் குட்டையிலோ அடைத்து வைத்த மீன் வைத்திருப்பவரின் வசத்தில் இருப்பது. அதை எடுத்தால் திருட்டு. ஆற்றிலோ பெரிய ஏரியிலோ, மீன் பிடிக்கும் உரிமை ஒருவருக்கு இருந்தாலும், மீன் அவருடையதல்ல. எனவே திருட்டு என்ற சொல்லை விட்டுவிட்டு 'சட்டவிரோதமாக எடுத்தல்' என்று தனியாக ஒரு குற்றத்தைப் படைக்க வேண்டியிருந்தது. 1968இன் திருட்டுச் சட்டத்திலும் இந்தப் பிளவு அப்படியே வந்தது. வசப்படுத்தப்படாத காட்டுயிரைத் திருட முடியாது என்று சட்டத்தின் உடல் சொல்கிறது. தனியார் நீரிலிருந்து மீனை எடுப்பது குற்றம் என்று அதன் பின்னிணைப்பு சொல்கிறது. தத்துவம் மறுத்ததை நிர்வாகம் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

3

அந்தக் குற்றத்துக்கான தண்டனை எப்படிப் பகுக்கப்பட்டது என்று பார்க்கும்போது வர்க்கம் பச்சையாகத் தெரிகிறது. 1861இன் களவுச் சட்டம் இரண்டு கேள்விகள் கேட்கிறது. முதல் கேள்வி, எந்த நீர்? வீட்டை ஒட்டிய நிலத்தின் நீரா, வேறிடத்து நீரா? இரண்டாவது, எப்படிப் பிடித்தாய்? பகலில் தூண்டில் போட்டா, வேறு வழியிலா? வீட்டை ஒட்டிய நீரில் வலைபோட்டு எடுத்தவன் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும். அதே நீரில் பகலில் தூண்டில் போட்டவனுக்கு 5 பவுண்டுக்கு மேற்படாத அபராதம். வேறிடத்து நீரென்றால் 2 பவுண்டுக்கு மேற்படாது. பகல் என்றால் சூரியன் உதிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து மறைந்து ஒரு மணி நேரம் வரை. இன்னொரு சலுகையும் உண்டு. நீரின் சொந்தக்காரர் அவனுடைய தூண்டிலைப் பறித்துக்கொண்டால் அதோடு கணக்குத் தீர்ந்தது, அபராதமும் இல்லை.

ஏன் இந்த வேற்றுமை? வலை ஒரே வீச்சில் நிறைய அள்ளும், தூண்டில் ஒவ்வொன்றாகத்தான் எடுக்கும் என்று நியாயம் சொல்லலாம். ஆனால் சட்டம் எத்தனை மீன் என்று எண்ணவில்லை. நாள் முழுக்கத் தூண்டில் போட்டு இருபது மீன் பிடித்தவனும் ராத்திரியில் வலைவீசி ஒன்றே ஒன்று பிடித்தவனும் எதிரெதிர் வரிசையில் நிற்கிறார்கள். தூண்டிலும் பகலும் சேர்ந்தால் அது ஆசை. கனவான் ஒருவர் எல்லை தெரியாமல் கொஞ்சம் தாண்டிவிட்டார். வலையும் இரவும் சேர்ந்தால் அது பசி அல்லது பிழைப்பு. சட்டம் பிழைப்பைத்தான் அதிகம் தண்டித்தது. 1968இலும் இந்தப் பாகுபாடு போகவில்லை: பகல் தூண்டிலுக்கு அபராதம் மட்டும், மற்றதற்கு மறுமுறை அகப்பட்டால் சிறை.

இதே சமூகம் மீன்களையும் சாதி பிரித்தது. சால்மனும் டிரவுட்டும் 'வேட்டை மீன்'. மற்ற நன்னீர் மீன்களெல்லாம் 'கரடு மீன்'. வேட்டை மீன் ஓடுகிற நதி நிலக்கிழாருடையது. கரடு மீன் கிடக்கிற கால்வாயும் குட்டையும் ஷெஃபீல்ட் போன்ற ஆலை நகரங்களின் தொழிலாளர் சங்கங்கள் ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருகிற இடம். இந்தக் கரடு மீன்களில் ஒன்றான கெண்டைதான் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அந்தஸ்து ஏறியது. 1952இல் ரிச்சர்ட் வாக்கர் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு எடையுள்ள கெண்டை ஒன்றைப் பிடித்தார். அது லண்டன் மிருகக்காட்சிசாலைக்குப் போனது. கிளாரிஸா என்று பெயர் பெற்றது. மீனுக்கு ஆள்போலப் பெயர் வைத்தாகிவிட்டது. பிடித்து, எடை போட்டு, படம் எடுத்து, திரும்ப நீரிலேயே விட்டுவிடும் வழக்கம் கெண்டைத் தூண்டில்காரர்களிடையே பரவியது. அதே மீனை அடுத்த வருஷம் இன்னொருவர் பிடிப்பார். எடை கூடியிருக்கும்.

பொருளாதார மொழியில் சொன்னால், இங்கே மீன் நுகர்பொருளாக இருந்த நிலை மாறி மூலதனமாகிவிட்டது. நாள் சீட்டு வாங்கிக்கொண்டு வருகிற தூண்டில்காரர்கள் பெரிய மீனுக்காகத்தான் வருகிறார்கள். ஒரு பெரிய கெண்டை உயிரோடு ஆயிரக்கணக்கான பவுண்டுக்கு விலை போகிறது. செத்துவிட்டால் அதற்கு மதிப்பே இல்லை. பழைய மீன் கள்ளன் மீனைக் கொன்று சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போனான். புதிய கள்ளன் மீனை உயிரோடு காப்பாற்ற வேண்டும். பிராணவாயு ஏற்றும் தொட்டியும் வண்டியும் வேண்டும்; வாங்குவதற்கு இன்னொரு குளத்துக்காரர் தயாராக இருக்க வேண்டும். அடைத்த நீரில் வளர்த்த மீன் என்பதால் இது முழுத் திருட்டாகக் கருதப்பட முடியும்: அதிகபட்சம் 7 ஆண்டு, 1991 வரை 10 ஆண்டு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதற்கு அதிகபட்சம் 14 ஆண்டு. காகிதத்தில் வாங்குபவருக்குத்தான் கடுமை அதிகம். ஆனால் கெண்டையின் மேல் முத்திரை கிடையாது. செதில் அமைப்பைப் பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டு, இது எங்கள் மீன்தான் என்று நிறுவ வேண்டும். வாங்கியவர் தெரியாது என்று சொல்லிவிட்டால் வழக்கு அங்கேயே சாய்ந்துவிடும்.

4

திருட்டைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. ஐரோப்பியக் கண்டத்தில், முக்கியமாக ஃபிரான்ஸில், கெண்டை பெரிதாக வளர்கிறது. அங்கிருந்து வண்டியில் போட்டுக் கால்வாயைக் கடந்து வந்துவிட்டால் இங்கே விலை பல மடங்கு. ஆளுயரத்துக்கு மேல் வளரும் வெல்ஸ் கெளுத்திக்கும் அதே கிராக்கி. இந்த இடத்தில்தான் குற்றத்தின் திசை மாறுகிறது. முன்பு மீனை வெளியே எடுப்பது குற்றம். இப்போது மீனை உள்ளே கொண்டுவருவது குற்றம்.

கொண்டுவந்தவர்களின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கலாம். கெண்டையே இங்கிலாந்தின் பூர்வகுடி கிடையாது. 1496இல் அச்சான தூண்டில் நூல் அது நாட்டில் அரிதாகத்தான் இருக்கிறது என்று குறிப்பிடுகிறது. வெல்ஸ் கெளுத்தியை 1880இல் தம்முடைய வோபர்ன் ஏரிகளில் விட்டவர் பெட்ஃபோர்ட் கோமகன். அதே வோபர்னில் ஸாண்டர் என்ற மீன் 1878இல் வந்து இறங்கியது. 1963இல் அந்த ஸாண்டரை கிரேட் ஊஸ் ஆற்றின் வடிகாலில் விட்டது வேறு யாருமில்லை, ஆற்றை நிர்வகித்த பொது அமைப்பேதான். அங்கிருந்து அது கிழக்கு இங்கிலாந்தின் நீர்வழிகளில் பரவியது. கோமகன் கொண்டுவந்தபோது அது இயற்கை அறிவியலின் ஆர்வம். அதிகாரிகள் விட்டபோது மீன்வள மேம்பாடு. வண்டிக்காரன் கொண்டுவரும்போது கடத்தல்.

பெட்ஃபோர்ட் குடும்பத்தின் கை நம் துணைக்கண்டம்வரை நீண்டது. காஷ்மீர் ஓடைகளில் இன்று நீந்தும் டிரவுட்டின் கதை, 1899ஐ ஒட்டி அடுத்த கோமகன் ஒருவர் மகாராஜாவுக்கு அன்பளிப்பாக அனுப்பிய முட்டைகளிலிருந்துதான் தொடங்குகிறது. முதல் சரக்கு வழியிலேயே அழிந்தது. 1900இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது பிழைத்தது. அதற்கு முன்பே, 1864இல், 'நார்ஃபோக்' என்ற கப்பல் பனிக்கட்டியில் பாசி சுற்றிய சால்மன், டிரவுட் முட்டைகளை டாஸ்மேனியாவுக்குக் கொண்டுபோயிருந்தது. நீலகிரியில் 1860களிலேயே ஃபிரான்ஸிஸ் டே என்ற சென்னை ராஜதானி மருத்துவர் டிரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றார். எச்.சி. வில்சன் வழியாக வானவில் டிரவுட் அங்கே நிலைகொண்டது இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில். ஆனால் நீலகிரிக்கான வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் 1879லேயே வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் நோக்கத்திலேயே 'பழக்கப்படுத்தப்பட்ட மீன்' என்ற வகை உண்டு. ஐரோப்பியரின் தூண்டிலுக்காக அயலிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய மீனை, காலங்காலமாக அந்த மலையில் இருப்பவர்களிடமிருந்து காப்பாற்றும் சட்டம். டிரவுட் நிலைகொள்வதற்கு முன்பே அதற்கான காவல் தயாராகிவிட்டது! காலனியத்தில் சட்டத்துக்கும் மீனுக்கும் உள்ள உறவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஏற்றுமதி செய்து முடித்த பிறகு இங்கிலாந்து தன் கதவைச் சாத்தத் தொடங்கியது. சால்மன், டிரவுட்டைத் தாக்கும் ஃபுரன்குலோஸிஸ் என்ற கொப்புள நோய் ஆறுகளில் பரவ, அதை ஆராயக் குழு அமைந்து, 1937இல் மீன் நோய்ச் சட்டம் வந்தது: சால்மன் குடும்பத்து உயிர்மீன் இறக்குமதிக்குத் தடை, மற்ற நன்னீர் உயிர்மீனுக்கு உரிமம். 1970களின் பிற்பகுதியில் கெண்டையைக் கொல்லும் வசந்தகால வைரஸ் நோய் பிரிட்டனில் கண்டறியப்பட்டது. 1978இல் ஸ்காட்லாந்துக்கும் 1980இல் இங்கிலாந்து, வேல்ஸுக்கும் உயிர்மீன் இறக்குமதிச் சட்டங்கள் வந்தன. 1981இல் வந்த வனவுயிர், நாட்டுப்புறச் சட்டம், பிரிட்டனில் 'வழக்கமாகக் குடியிருக்காத' உயிரினங்களை வெளியே விடுவதைக் குற்றமாக்கியது.

வழக்கமாகக் குடியிருக்காத! யாரை எந்த நாட்டில் அனுமதிப்பது என்று பேசும் குடியேற்ற மொழி அப்படியே மீனுக்கு வந்துவிட்டது. அதே 1981இல்தான் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டமும் நிறைவேறியது. பிரிட்டன் மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்ற பழைய விதி அதோடு போனது. பேரரசு முடிந்த பிறகு ஒரு தீவு தன் எல்லையை மனிதர், மீன் இரண்டுக்கும் ஒரே சொற்களால் வரைந்துகொள்கிறது. பேரரசு உலகமெல்லாம் மீனை விதைத்தபோது அது நாகரிகம். அடுத்தவன் இங்கே கொண்டுவந்தால் அது மாசு.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிட்டால் அழகாக இருக்கும். சொல்லாடல், எல்லை, அந்நியம், தூய்மை என்று நாம் பயன்படுத்திப் பழகிய சொற்களெல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடுகின்றன. உண்மையைச் சொன்னால், நான் முதலில் அப்படித்தான் முடித்தும் வைத்திருந்தேன்.

5

தடுத்தது வைரஸ். 1998இல் இஸ்ரேலில் கெண்டைப் பண்ணைகளில் பெருஞ்சாவு ஏற்பட்டு அடையாளம் காணப்பட்ட கோய் ஹெர்ப்பீஸ் வைரஸ் வெயில் காலத்தில், நீரின் வெப்பம் ஏறியதும் கிளம்புகிறது. செவுள் அழுகி, கண் குழிந்து, சில நாளில் குளத்தின் கெண்டைகளில் பெரும்பகுதி மிதக்கும். பிழைத்த மீன் பார்க்க நன்றாகவே இருக்கும். உள்ளே வைரஸைச் சுமந்துகொண்டிருக்கும். அதைத்தான் ஒருவர் பெருவிலை கொடுத்து அடுத்த குளத்துக்கு வாங்கிப் போகிறார். கிழக்காசியாவிலிருந்து ஐரோப்பா வழியாக வந்த டாப்மவுத் கட்ஜியன் என்ற விரலளவு மீன் பார்வைக்கு ஒன்றுமேயில்லை. அது நலமாக இருந்துகொண்டே மற்ற மீன்களைக் கொல்லும் ஓர் ஒட்டுண்ணியைச் சுமக்கிறது என்று 2005இல் தெரியவந்தது. நார்வேயில் 1970களில் ஸ்வீடனிலிருந்து வந்த சால்மன் குஞ்சுகளோடு கைரோடாக்டிலஸ் என்ற ஒட்டுண்ணி நுழைந்து ஆறு ஆறாக சால்மனைத் தின்றது. அதை ஒழிக்க, ஆற்றில் ரோட்டினோன் என்ற நஞ்சைக் கலந்து அந்த ஆற்றின் மீன்களையெல்லாம் அவர்களே கொல்ல வேண்டியிருந்தது.

இங்கே அந்நியம் என்பது மொழியில் மட்டும் கட்டமைக்கப்பட்ட ஒன்று என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒட்டுண்ணியோடு சேர்ந்தே பல்லாயிரம் ஆண்டுகள் பழகிய மீன் தாங்குகிறது. பழகாத மீன் சாகிறது. இதை மனிதக் குடியேற்றத்தோடு ஒப்பிடுவது அரசியல்ரீதியாக ஆபத்து, அறிவியல்ரீதியாகத் தப்பு. சட்டம் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தியிருக்கலாம். அதற்காக நாமும் இரண்டையும் ஒன்றாக்கி, மீன் தடையையும் இனவாதம் என்று சொல்லிவிட்டுப் போனால், நாம் விமர்சிக்கும் சட்டத்தின் தவறையே திருப்பிச் செய்கிறோம். இது எங்கோ இருக்கும் பிரச்சினையும் இல்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை இந்திய அரசு 2000இல் தடை செய்தும் பண்ணைகளிலிருந்து தப்பிய அந்த மீன் நம் குளங்களில் கிடக்கிறது. நாட்டுக் கெளுத்தியைத் தேடுபவர்களுக்கு அந்தத் தடை வெறும் அதிகாரப் பேச்சாகத் தெரியாது.

தாம்ப்சன் இதே மாதிரி ஒரு முட்டுச் சந்தில் நின்றவர். கறுப்புச் சட்டத்தின் கொடுமையை நூல் முழுக்க அம்பலப்படுத்திவிட்டு, கடைசியில், சட்டம் ஆளும் வர்க்கத்தின் கருவி மட்டும்தான் என்று சொல்ல மறுத்தார். சட்டத்தின் ஆட்சி என்ற ஏற்பாடு ஆள்பவர்களையும் கட்டுப்படுத்துகிறது, அதை எளிதாகத் தூக்கி எறியக் கூடாது என்றார். தோழர்கள் பலருக்கு அது ஏமாற்றம். அந்த நூல் வெளியான அதே 1975இல்தான் ஃபூக்கோவின் சிறை பற்றிய நூலும் வந்தது. தண்டனை மென்மையாவது மனிதநேயத்தின் வெற்றியில்லை, சட்டமீறல்களைத் தரம் பிரித்து நிர்வகிக்கும் புதிய கணக்கு என்று ஃபூக்கோ சொன்னார். சொத்தைத் தொடும் ஏழையின் மீறலுக்கு ஒரு வழி. விதிகளை வளைக்கும் உடைமையாளரின் மீறலுக்கு இன்னொரு வழி. மீன் சட்டங்களைப் படிக்க எனக்கு இருவருமே தேவைப்படுகிறார்கள். இறக்குமதித் தடை வேண்டும் என்று சொல்லத் தாம்ப்சன். அதன் தண்டனைகள் யார்மேல் எப்படி விழுகின்றன என்று பார்க்க ஃபூக்கோ.

அப்படிப் பார்த்தால் என்ன தெரிகிறது? 1980 சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அபராதம்தான். சிறைக்கு அனுப்ப வேண்டுமென்றால் சுங்கச் சட்டத்துக்கோ வேறெதற்கோ போக வேண்டும். ஒரு பெரிய கெண்டையின் விலைக்கு முன்னால் அந்த அபராதம் தொழில் செலவில் ஒரு வரி. துறைமுகத்தில் வண்டியை மறித்தால் அகப்படுபவன் ஓட்டுநர். மீனுக்குச் சொல்லி வைத்த குளத்துக்காரரோ பெரிய மீன் வேண்டும் என்று சீட்டு வாங்கும் ஆயிரம் பேரோ வண்டிக்குள் இல்லை. பிடிபட்ட மீன்கள் நோய்ப் பயத்தால் பொதுவாகக் கொல்லப்படுகின்றன. அந்த வண்டியில் மரண தண்டனை பெறுவது மீன் மட்டும்தான்.

இதற்கு நேர்மாறாக இன்னொரு காட்சி. 2004இல் ஐரோப்பிய ஒன்றியம் விரிவடைந்த பிறகு போலந்திலிருந்தும் லிதுவேனியாவிலிருந்தும் தொழிலாளர்கள் இங்கிலாந்துக்கு வந்தார்கள். போலந்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்தில் கெண்டை வேண்டும். பிடித்த மீனைத் தின்பது அவர்களுக்கு இயல்பு. இங்கிலாந்தில் அது கிட்டத்தட்டப் பாவமாகிவிட்டிருந்தது. குளக்கரைகளில் போலிஷ் மொழியில் எச்சரிக்கைப் பலகைகள் முளைத்தன; பத்திரிகைகள் மீனும் அன்னமும் காணாமல் போவதற்கெல்லாம் அவர்களைக் கைகாட்டின. 2010இல் வந்த விதிகள் ஆற்றிலிருந்து எடுத்துப்போகக்கூடிய கரடு மீன்களுக்குக் கணக்கு வைத்தன: நாளொன்றுக்கு 20 சென்டிமீட்டர் வரையுள்ள சிறு மீன் பதினைந்து, 65 சென்டிமீட்டர் வரையுள்ள பைக் ஒன்று. மீன்வளத்துக்கு ஒரு கணக்கு தேவைதான். ஆனால் ஒரு கெண்டையைச் சமைத்துத் தின்றவன்மேல் எழுந்த கோபத்தையும், ஒரு குளத்தையே நோயில் மூழ்கடிக்கக்கூடிய மீனை வாங்கி விட்டவர்மேல் எழாத கோபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1861இன் வலையும் தூண்டிலும் திரும்பி வந்துவிட்டன. பசிக்காக எடுப்பவன் இன்னமும் கள்ளன். பொழுதுபோக்குக்காகக் கொண்டுவருபவர் விதி மீறியவர், அவ்வளவுதான்.

நண்பருக்கு என் பதில் இது. அவர்கள் பாதிதான் திருந்தியிருக்கிறார்கள். எதைக் காப்பாற்ற வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் மாறியிருக்கிறது: பிரபுவின் கரை போய், நீரின் உயிர் வந்திருக்கிறது. அந்த மாற்றம் பெரியது. அதை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை. யாரைத் தண்டிப்பது, எவ்வளவு தண்டிப்பது என்ற கேள்விக்கான பதிலை மட்டும் அவர்கள் பழைய ஏட்டிலிருந்தே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஏடு சேதத்தைக் கணக்கிடுவதற்காக எழுதப்பட்டதல்ல. யாருடைய நீர், யாருடைய கை என்று பார்ப்பதற்காக எழுதப்பட்டது. நீரின் உயிரைக் காப்பதுதான் நோக்கம் என்றால் தண்டனை வாங்குபவரிடமிருந்து தொடங்க வேண்டும். மீனின் விலையைவிட அபராதம் அதிகமாக இருக்க வேண்டும். செத்த குளத்தை மீட்கும் செலவை மீனுக்குச் சொல்லி வைத்தவர் ஏற்க வேண்டும். இரவு உணவுக்கு ஒரு மீன் எடுத்தவனை இதே பட்டியலில் சேர்க்கக் கூடாது.

இதைச் சொன்னதும் அவர், "அப்ப 1723லேயும் குளத்துக்கு என்ன சேதம்னு யாரும் கேக்கல, இப்பவும் முழுசா கேக்கலேங்கறீங்க" என்றார். ஆமாம். நான் இவ்வளவு பக்கம் எழுதியது அதைத்தான்.